டோக்கனைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. மண்டபத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகிறான். இரவில் ஒரு கடையில் நடந்த திருட்டை ஒப்புக்கொண்டதாக எழுதி, கைரேகை வாங்கி, ரிமாண்ட் செய்துவிட்டார்கள். அன்றிரவு அவன் கடலில் இருந்தான். படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதிச் சீட்டான டோக்கன் போட்டிருக்கிறது. போலீசார் அதை விசாரிக்கவே இல்லை. விசாரணையில் இவ்வளவு ஓட்டை இருப்பதால் வழக்கு தானாகத் தள்ளுபடியாகும் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகி, மண்டபம்

பதில்: தானாகத் தள்ளுபடியாகாது. புலன்விசாரணை குறைபாடானது என்ற ஒரே காரணத்துக்காக விடுதலை செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையதுதான். ஆனால் சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்ததாகச் சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தம்பியைச் சேரும்.

ஆகவே டோக்கன் பதிவின் சான்றிட்ட நகலைப் படகு உரிமையாளர் மூலம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். மறுத்தால், அதை வரவழைக்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94-ஆம் பிரிவில் வழக்கறிஞர் மனு செய்யலாம். டோக்கன் படகு கடலுக்குப் போனதைத்தான் காட்டும். தம்பி அதில் இருந்ததை ஓட்டுநரும் உடன் சென்றவர்களும்தான் சொல்ல வேண்டும். இதைச் சாட்சி விசாரணை வரை மறைத்துவைப்பதே உத்தி என்பார் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாமதமாக வரும் இத்தகைய வாதம் பின்யோசனையாகவே பார்க்கப்படும். குற்றப்பத்திரிகைக்கு முன்பே விசாரணை அதிகாரியிடம் மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை பெறுங்கள். அதையும் அவர் புறக்கணித்தால், குறுக்கு விசாரணையில் அந்த ஒப்புகையே அவரைக் கேட்கும் முதல் கேள்வியாகும். கடையின் கேமரா பதிவு சில வாரங்களில் அழிந்துவிடக்கூடும் என்பதால், அதைப் பாதுகாக்கக் கோரும் மனு இன்னும் அவசரம்.

போலீசாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம், பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 23-ஆம் பிரிவின்படி உங்கள் தம்பிக்கு எதிராகச் செல்லாது. அதன்வழி ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். ஆகவே பொருளைக் கைப்பற்றியபோது எழுதும் மகஜரை உன்னிப்பாகப் படியுங்கள்: கைப்பற்றலை வீடியோவில் பதிவுசெய்தார்களா, சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா? பேச இயலாதவர் பத்தி பத்தியாகப் பேசியதாக எழுதியிருந்தால், அதை எழுதியவர் யார் என்பது விளங்கிவிடும்.

கட்டணத்துக்குக் கவலைப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கும் காவலில் இருப்பவருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் தர 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் வகைசெய்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், தொலைபேசி எண் 15100. நீதிமன்றத்திலும் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென முதல் வாய்தாவிலேயே கேட்கச் சொல்லுங்கள். இத்தகைய திருட்டு வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும், ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே ஜாமீன் மனு செய்திருக்க வேண்டும்; நாள் கணக்கு முதல் ரிமாண்டிலிருந்து தொடங்குகிறது.