பிளாஸ்மாவில் மிதக்கும் தூசியும் மின்காந்த அலைகளும்: கேள்வி-பதில்

கேள்வி: ரேடியோ அதிர்வெண்ணில் இயங்கும், பிளாஸ்மா (அயனிகளும் எலக்ட்ரான்களுமாகப் பிரிந்த வாயு) நிறைந்த கலத்தில் மின்புலம் நொடிக்குக் கோடிக்கணக்கான முறை திசை மாறுகிறது. அதில் மிதக்கும் தூசி ஏன் நடுங்குவதில்லை?

பதில்: துகளின் நிறையே காரணம். ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் பிளாஸ்டிக் உருண்டைகளில் 7 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். அயனிகளைவிட எலக்ட்ரான்கள் மிக வேகமானவை. ஆகவே அவையே முந்திக்கொண்டு பரப்பில் ஒட்ட, உருண்டை சுமார் 10,000 எலக்ட்ரான்களுக்குரிய எதிர்மின்னூட்டத்தைப் பெறுகிறது. கீழ் மின்முனையை ஒட்டிய பகுதியில் நிலவும் சராசரி மின்புலம் மீட்டருக்கு 1,700 வோல்ட் அளவில் இருந்தாலே அதன் எடையைத் தாங்கிவிடும். அதே வலிமையுள்ள புலம் 13.56 மெகாஹெர்ட்ஸில் அலைவுறும்போதோ, துகளின் ஊசலாட்டம் ஓர் அணுக்கருவின் அளவைத் தாண்டாது. தூசிக்கு எட்டுவது அலையின் ஒவ்வொரு துடிப்பும் அன்று, அதன் சராசரி விளைவு மட்டுமே. கீழே வரும் பதில்களுக்கும் இதுவே அடிப்படை.

கேள்வி: லேசர் ஒளியால் துகளைத் தள்ள முடியுமா?

பதில்: முடியும். ஒளி உந்தத்தைச் சுமந்து வருவதால், அதை உட்கவரும் பரப்பின் மீது, செறிவை ஒளியின் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் அழுத்தம் செயல்படுகிறது. சதுர மில்லிமீட்டருக்கு 1 வாட் செறிவுள்ள கற்றை மேற்சொன்ன உருண்டையின் மீது செலுத்தும் விசை, அதன் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் எடையை மின்புலம் ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருப்பதால், பக்கவாட்டில் துகளைத் தடுப்பது பெரும்பாலும் வாயுவின் உராய்வு மட்டுமே; அந்த உராய்வு தள்ளுவிசைக்குச் சமமாகும் வரை துகள் வேகம் பெறும். ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன்: துகளின் ஒரு பக்கம் கூடுதலாகச் சூடானால், சுற்றியுள்ள வாயு மூலக்கூறுகளும் அதைத் தள்ளும். அந்த விசையைப் பிரித்தறியாமல் முழு நகர்வையும் கதிர்வீச்சு அழுத்தத்தின் கணக்கில் எழுதுவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

கேள்வி: புற ஊதாக் கதிர்களின் விளைவு வேறானதா?

பதில்: ஆம், அவை துகளின் மின்னூட்டத்தையே மாற்றுகின்றன. பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேற எதிர்மின்னூட்டம் குறைகிறது; தாங்கிய விசை தளர்ந்து, புலம் இன்னும் வலுவாக உள்ள கீழ்மட்டத்திற்குத் துகள் இறங்குகிறது. பிளாஸ்மா மிகவும் ஐதாக உள்ள விண்வெளியில் சூரிய ஒளி படும் தூசி நேர்மின்னூட்டமே பெறக்கூடும். அப்போது மின்விசையின் திசையே தலைகீழாகிவிடும்.

கேள்வி: தூசி ஒலி அலை என்பதும் மின்காந்த அலைதானா?

பதில்: இல்லை. அது தூசித் துகள்கள் தாமே நெருங்கியும் விலகியும் பரப்பும் அடர்த்தி அலை. இயற்பியலாளர்கள் ராவ், சுக்லா, யூ ஆகியோர் 1990இல் கணித்த இதை, பார்கன், மெர்லினோ, டி'ஆஞ்சலோ ஆகியோர் 1995இல் ஆய்வகத்தில் கண்டனர். அதன் வேகம் நொடிக்கு சுமார் 9 சென்டிமீட்டர் மட்டுமே என்பதால், சாதாரண வீடியோ கேமராவிலேயே அலைமுகடுகள் நகர்வதைப் பார்க்கலாம்.