மயக்க மருந்து வருவதற்கு முன், அமெரிக்க எல்லைப்புற ஊர்களில் பெரிய அறுவை சிகிச்சை நடந்ததா?

நடந்தது. 1809 டிசம்பரில், கென்டக்கியின் டான்வில் என்ற சிற்றூரில். ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்ணுக்கு வயிறு பெருத்துக்கொண்டே போனது. கர்ப்பம் என்றே நினைத்தார்கள். அது சினைப்பைக் கட்டி என்று கண்டுபிடித்தவர் மருத்துவர் எஃப்ரைம் மெக்டவல். அதை அறுத்து எடுப்பது சோதனை முயற்சிதான் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பெண்மணி சரி என்றார். கட்டி சேணத்தின் முன்கொம்பில் உரசிக் கன்றிப்போக, சுமார் 60 மைல் குதிரையில் டான்வில்லுக்கு வந்து சேர்ந்தார். எனக்கு அறுவை சிகிச்சையை விட இந்தப் பயணமே பெரிதாகத் தெரிகிறது.

ஈதர் மயக்க மருந்து 1846இல்தான் வந்தது. மெக்டவலின் வீட்டிலேயே, சுமார் 25 நிமிடங்களில், ஏறக்குறைய 10 கிலோ கட்டியை அகற்றினார்கள். வலியைத் தாங்க அவர் பைபிள் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஐந்தாம் நாள் மருத்துவர் போய்ப் பார்த்தால், எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருக்கிறார்! அப்புறம் 32 ஆண்டுகள் வாழ்ந்தார்.