புரூவரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு நானே வண்டி ஓட்டித் திரும்பலாமா?

கேள்வி: நாங்கள் நண்பர்கள் ஆறு பேர். ஒரு டிராவல் ஏஜென்ட் ‘கிராஃப்ட் பீர் டூர்’ என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார். ஞாயிறு மதியம் மூன்று புரூவரிகள், அதாவது பீர் காய்ச்சும் ஆலைகள். ஒவ்வொன்றிலும் வழிகாட்டியுடன் சுற்றிப் பார்த்து, நான்கு வகை பீர் ருசி பார்க்கலாமாம். வண்டி எங்களுடையது, ஓட்டுவது நான். “டேஸ்டிங் கிளாஸ் எல்லாம் கையளவுதான் சார், நீங்களும் ருசி பார்த்துவிட்டு தாராளமாக ஓட்டலாம்” என்கிறார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார். எங்களுக்கு பீர் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் இந்த ஏஜென்ட் சொல்கிறபடி போக வேண்டாம்.

முதலில் வண்டி விஷயம். டேஸ்டிங் கிளாஸில் பொதுவாக 100 முதல் 150 மில்லி ஊற்றுவார்கள். நடுவில் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் நான்கு, மூன்று இடங்களில் பன்னிரண்டு. மொத்தம் 1,440 மில்லி, அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். சின்ன புரூவரிகளின் பீர் எல்லாம் 4 சதவீத ஆல்கஹாலில் நிற்பதில்லை. 5, 6 சாதாரணம், 8, 9 வரையும் போகும். சராசரி 6 சதவீதம் என்றால் உங்கள் உடம்புக்குள் போவது ஏறக்குறைய 68 கிராம் ஆல்கஹால். ஆரோக்கியமான ஒருவரின் ஈரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். கணக்கை நீங்களே போடுங்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் உங்கள் ரத்தம் சுத்தமாக நள்ளிரவுகூட ஆகிவிடலாம். காபி குடித்தாலும், முகம் கழுவினாலும் ஈரலின் வேகம் கூடாது.

கிளாஸ் சின்னதாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீரியம் கூடிய பீரைச் சின்ன கிளாஸில்தான் ஊற்றுவார்கள். ஆக, ‘சின்ன கிளாஸ்தானே’ என்பது ஆறுதல் இல்லை, எச்சரிக்கை. ஏஜென்டுக்கு இது தெரியாமல் இருக்காது. வண்டிக்குத் தனியாக ஆள் வைத்தால் பேக்கேஜ் விலை ஏறும், நீங்கள் யோசிப்பீர்கள். அதனால் வாயை மூடிக்கொள்கிறார்.

ஆகவே அன்றைக்கு ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. ‘ஒன்றே ஒன்று’ என்பதும் கிடையாது.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஓட்டுபவர் பாவம் என்று எல்லோருமே நினைக்கிறார்கள், யாரும் வழி சொல்வதில்லை. துப்பலாம். ஒயின் சுவைப்பவர்கள் துப்புவதை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். பீரைத் துப்பினால் மட்டும் ஏதோ அவமரியாதை செய்தது போலப் பார்க்கிறார்கள். “பீரின் கசப்பு அடிநாக்கில்தான் தெரியும், விழுங்காமல் ருசி தெரியாது” என்று வழிகாட்டிகளே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தவறு. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளியில் படம் வரைந்தோமே, அந்தப் படம் 1901-ல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் எழுதிய கட்டுரையைப் பின்னால் வந்தவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்தது. கசப்பு நாக்கின் எல்லாப் பக்கத்திலும் தெரியும். விழுங்கும்போது தொண்டை வழியாக மூக்குக்கு வாசனை ஏறும் என்பது மட்டும் உண்மை. அதற்கு வாயில் வைத்துக்கொண்டே மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் போதும், முக்கால்வாசி கிடைத்துவிடும்.

ஆனால் துப்புவதென்றால் முதல் கிளாஸிலிருந்து துப்ப வேண்டும். இரண்டை விழுங்கிவிட்டு மூன்றாவதிலிருந்து துப்புகிறேன் என்பவர் ஏமாற்றுவது தன்னைத்தான். துப்புவதற்கென ஒரு வாளி கொடுங்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முழு வாய் எடுக்காதீர்கள், ஒரு தேக்கரண்டி அளவு போதும். ஒவ்வொரு முறையும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். துப்பினாலும் வாயின் ஈரத்தில் ஆல்கஹால் கொஞ்ச நேரம் தங்கும். அந்த நேரத்தில் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதினால் குடித்தவரைப் போலக் காட்டும். கடைசிக் கிளாஸுக்குப் பிறகு கால் மணி நேரமாவது கழித்துத்தான் வண்டியில் ஏறுங்கள். இதெல்லாம் அலுப்பாக இருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குடியுங்கள். பெரும்பாலான இடங்களில் டின்னிலோ பாட்டிலிலோ அடைத்துத் தருவார்கள். டின் நல்லது. பாட்டில்தான் இருக்கிறது என்றால் பழுப்பு நிறத்தில் கேளுங்கள். பச்சைப் பாட்டிலும் வெள்ளைப் பாட்டிலும் வெளிச்சத்தை உள்ளே விடும், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் என்ற, பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூவில் உள்ள பொருள் சிதைந்து நாற்றம் வரும்.

சரி, அடுத்தது. ஒரே மதியத்தில் மூன்று இடம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. இதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். இருபது வருடத்துக்கு மேல் காய்ச்சும் கூடத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். விடுமுறை நாள் மதியம் புரூவரியில் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. பளபளவென்று நாலைந்து எஃகு டேங்குகள் நிற்கும். வழிகாட்டி ஒவ்வொன்றையும் தட்டிக் காட்டி ஒரு வாக்கியம் சொல்வார். இருபது நிமிடத்தில் கவுன்டருக்கு அழைத்துப் போய்விடுவார். அதற்குப் பெயர் டூர்.

காய்ச்சும் நாளில், காலையில் போக வேண்டும். போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “என்றைக்குக் காய்ச்சுகிறீர்கள், எத்தனை மணிக்கு மால்ட்டைக் கொட்டுவீர்கள்?” இப்படிக் கேட்டாலே எதிரில் இருப்பவரின் குரல் மாறிவிடும். முளைகட்டி உலர்த்திய பார்லியைத்தான் மால்ட் என்கிறோம். அதை உடைத்து, 65 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுவார்கள். (ஊறல் என்றதும் போலீஸ் செய்தி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) தானியத்துக்குள்ளேயே இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். வெப்பம் இரண்டு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் பீரின் உடம்பு, அதாவது வாயில் தெரியும் கனம், மாறும். பிறகு சாற்றை வடித்து, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டு, ஆற வைத்து, சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள். ஆறேழு மணி நேர வேலை. நீங்கள் முழுக்க நிற்க வேண்டியதில்லை. ஊறலிலிருந்து கொதி வருகிற வரைக்கும் பார்த்தால் போதும்.

அப்போது மூன்று விஷயம் கேளுங்கள். கொஞ்சம் மால்ட்டை மென்று பார்க்க வேண்டும். வெளிறியதும் கருக வறுத்ததும் இரண்டையும் மென்றால், கருப்பு பீருக்கு காபி வாசம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியிராது. ஹாப்ஸை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர வேண்டும். மூன்றாவது, ஈஸ்ட் போடுவதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சாறு. வோர்ட் என்பார்கள். வெதுவெதுப்பாக ஒரு வாய் கேளுங்கள். திகட்டும் இனிப்பு, ஒரு சொட்டு ஆல்கஹால் கிடையாது. ஓட்டுபவரும் குடிக்காதவரும் பயமில்லாமல் ருசிக்கலாம். என்னைக் கேட்டால் ஒரு புரூவரியில் கிடைக்கிற நல்ல ருசி அதுதான், மற்றதெல்லாம் கடையிலும் கிடைக்கும். அப்புறம், டேங்கின் பக்கவாட்டில் சின்னக் குழாய் ஒன்று இருக்கும். ஆள் நல்லவராக இருந்தால் அதைத் திறந்து, வடிகட்டாத பீரைக் கலங்கலாக ஒரு வாய் பிடித்துக் கொடுப்பார்.

ஏஜென்டுகள் ஏன் ஞாயிறு மதியமே சொல்கிறார்கள்? கூட்டம் அன்றைக்குத்தான் கிடைக்கும். இன்னொன்று, அவர்கள் அழைத்துப் போகிற எல்லா இடமும் புரூவரியும் இல்லை. சொந்த டேங்க் ஒன்றுகூட இல்லாமல், வேறு ஆலையில் காய்ச்சி வாங்கி, தங்கள் லேபிளை ஒட்டி விற்கும் பிராண்டுகள் நிறைய உண்டு. அதில் தப்பில்லை, பீர் நன்றாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே போய் எதைச் சுற்றிப் பார்ப்பது? கண்ணாடிக்குப் பின்னால் அலங்காரத்துக்கு இரண்டு டேங்க் நிற்கும். நிஜமான ஆலை என்றால் தரை ஈரமாக இருக்கும், நடுவில் சாக்கடைப் பள்ளம் ஓடும், எங்கேயாவது மூலையில் சக்கை மூட்டை ஆவி பறக்க இருக்கும்.

சின்ன ஆலையில் பார்த்துப் பார்த்துக் காய்ச்சியது என்ற பொருளில் சொல்லும் ‘கிராஃப்ட்’ என்ற சொல்லையும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் சின்ன புரூவரிகளின் சங்கம் ஒரு வரையறை வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 60 லட்சம் பேரல் வரை காய்ச்சினாலும் அது சின்ன ஆலைதானாம். லிட்டரில் அது சுமார் 70 கோடி. இதைச் சின்னது என்று ஒரு சங்கமே எழுதி வைத்துக்கொண்டால், தெருமுனை ஏஜென்ட் எதைத்தான் கிராஃப்ட் என்று சொல்ல மாட்டார்?

ஒரு முறை நான் வேலை பார்த்த ஆலையின் வாசலில் இருபது பேர் வந்து நின்றார்கள். கையில் அச்சடித்த டிக்கெட். எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை. அன்று குழாய்களையும் டேங்குகளையும் கொதிக்கிற காஸ்டிக் சோடாக் கரைசல் விட்டுக் கழுவும் நாள், தெறித்தால் தோல் வெந்துவிடும். உள்ளே விட முடியாது என்று சொன்னோம். டிக்கெட் விற்றவர் போனை எடுக்கவில்லை. திட்டு வாங்கியது நாங்கள்தான்.

சட்டமும் நமக்கு உதவாது. பல இடங்களில் காய்ச்ச ஒரு உரிமம், அதே கட்டடத்தில் ஒரு வாய் ஊற்றிக் கொடுக்க இன்னொரு உரிமம். இரண்டாவது கிடைக்காத ஆலையில் சுற்றிக் காட்டுவார்கள், ஊற்ற மாட்டார்கள். கண்ணெதிரே காய்ச்சியவர் ஒரு வாய் கொடுத்தால் குற்றம், அதையே லாரியில் ஏற்றிக் கடைக்கு அனுப்பி அங்கே வாங்கினால் சரி. இந்த விதியை எழுதியவர்கள் ஒரு நாளாவது ஒரு ஆலைக்குள் நடந்து பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை. எப்படியோ, ‘டேஸ்டிங் அங்கேயே உண்டா’ என்பதை ஆலையிடமே கேளுங்கள். பேக்கேஜ் விற்பவர் எப்போதும் உண்டு என்றுதான் சொல்வார். லேபிளையும் நம்பியிருக்க முடியாது. பிஸ்கட் பாக்கெட்டில் உப்பு வரை எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 விதிப்படி, 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பீருக்குச் சேர்மானப் பட்டியலே வேண்டியதில்லை. ஒவ்வாமைப் பொருளை மட்டும் சொன்னால் போதும். டேஸ்டிங் கிளாஸில் அந்த லேபிளும் இருக்காது. எனவே உங்களில் யாருக்காவது கோதுமையோ பார்லியோ சேராது என்றால், சீருடை போட்ட வழிகாட்டியிடம் கேட்காதீர்கள், காய்ச்சுகிறவரையே கேளுங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். மூடிய ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், உங்கள் மூக்கும் பக்கத்தில் நிற்பவர் மூக்கும் கெடும். டேங்குக்குள் தலையை விட்டு எட்டிப் பார்க்கவே கூடாது. நொதிக்கும்போது வருகிற கார்பன் டை ஆக்சைடு காற்றை விடக் கனமானது, பள்ளத்தில் தேங்கி நிற்கும், நிறமும் கிடையாது. ருசிக்கும்போது வீரியம் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள், நிறத்தைப் பார்த்து வரிசை போடாதீர்கள். கருப்பாக இருக்கிற ஸ்டவுட் வகை பீர் 4 சதவீதமாக இருக்கும், பொன்னிறத்தில் சிரிப்பது 9 ஆக இருக்கும். ஐஸ் போல ஜில்லென்று கொடுத்தால் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பொறுங்கள், குளிரில் நாக்கு மரத்துவிடும். வெண்ணெய் வாசம், பச்சை ஆப்பிள் வாசம், வேகவைத்த சோள வாசம் இவற்றில் ஒன்று தூக்கலாக வந்தால் வழிகாட்டியிடம் ஏன் என்று கேளுங்கள். “இதுதான் எங்கள் ஸ்டைல்” என்று அவர் சொன்னால், பெரும்பாலும் டேங்கிலிருந்து அவசரமாக எடுத்த பீர், அல்லது சரியாகக் கொதிக்காதது.

பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு புரூவரியை நீங்களே தேர்ந்தெடுத்து, நேரடியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பல ஆலைகளில் ஆறு பேர் குழு என்றால் காய்ச்சுகிறவரே வந்து காட்டுவார், ஏஜென்டின் பங்கும் மிச்சம். கொடுத்துவிட்டீர்கள் என்றால் மூன்று ஆலைகளின் பெயரையும் ஆலை அனுப்பிய முன்பதிவு உறுதியையும் இன்றே எழுத்தில் கேளுங்கள். பெயர் கிடைத்ததும் அந்த மூன்று இடத்துக்கும் நீங்களே போன் போடுங்கள். ஏதாவது ஒரு இடத்தில் “அப்படி எதுவும் எங்களிடம் பதிவாகவில்லையே” என்றால், ஞாயிறு வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.