மூன்றாம் நாள் மண்வெட்டி

அன்புள்ள அக்கா,

இறையியல் முடித்துவிட்டு இப்போது தத்துவம் படிக்கிறேன். அடுத்த வருடம் தான்சானியாவில் ஒரு மிஷன் பள்ளியில் இரண்டு வருடம் கற்பிக்க ஒத்துக்கொண்டிருக்கிறேன். கடவுளை அறிவால் நிரூபிக்கமுடியாது என்று வாதிட்ட ஹ்யூமையும் கான்ட்டையும் படித்தபிறகு, ஜெபம் பண்ண உட்கார்ந்தால் எதிரே யாரும் இல்லாததுபோல் இருக்கிறது. அரைகுறை விசுவாசத்தோடு ஊழியத்துக்குப் போவது அந்த மக்களை ஏமாற்றுவது ஆகாதா? நீங்கள் அங்கே பல வருடம் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'எதிரே யாரும் இல்லாததுபோல்' என்ற இடத்தில் மூன்று முறையும் நின்றுவிட்டேன். அங்கே இருந்த ஒன்பது வருடத்தில் இரண்டு வருடமாவது எனக்கும் அப்படித்தான் போயிற்று. 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று மாற்கு சுவிசேஷத்தில் சுகமில்லாத பிள்ளையின் தகப்பன் ஒருவன் கதறுகிறானே, அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போன காலைகள் நிறைய. அந்தத் தகப்பனை இயேசு, போய் விசுவாசத்தை முழுதாக்கிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை சுகமானான்.

ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்திய ஆல்பர்ட் ஷ்வைட்சரைத் தெரிந்திருக்கும். நீங்கள் மல்லுக்கட்டும் அதே கான்ட்டின் சமயத் தத்துவத்தை ஆராய்ந்துதான் 1899-இல் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு 30 வயதில், ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டும் என்பதற்காக மருத்துவம் படிக்க உட்கார்ந்தார். அவரை அனுப்பவேண்டிய பாரிஸ் மிஷன் சங்கத்தாருக்கு அவருடைய இறையியல்மேல் நம்பிக்கையில்லை. பிரசங்கம் செய்யமாட்டேன், மீனைப்போல் வாய்மூடி இருப்பேன் என்று வாக்குக் கொடுத்து, செலவையும் தானே திரட்டிக்கொண்டு, 1913-இல் இன்றைய காபோனில் இருக்கும் லாம்பரேனேயில் போய் இறங்கினார். முதலில் நோயாளிகளைப் பார்த்த அறை ஒரு பழைய கோழிக்கூண்டு. கொஞ்ச நாளில் அங்கிருந்த மிஷனரிகளே அவரைப் பிரசங்கம் பண்ணக் கூப்பிட்டார்கள். பாரிஸில் இருந்தவர்கள் அவருடைய கொள்கையைத்தான் பார்த்திருந்தார்கள், இவர்கள் ஆளைப் பார்த்தார்கள்.

கேள்விகள் அவரை விட்டுவிடவும் இல்லை. 1915-இல் ஓகோவே ஆற்றில், சுகமில்லாத ஒருவரைப் பார்க்கப் போகும் வழியில், மெதுவாக நகரும் படகில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே போனார். மூன்றாம் நாள் சூரியன் சாயும் நேரம், நீர்யானைக் கூட்டத்துக்கு நடுவே போகும்போதுதான் 'உயிர்மேல் பயபக்தி' என்ற, அவருடைய அறத்துக்கே அடிப்படையான சொல் அவருக்குக் கிடைத்தது. அவ்வளவு வருடம் புத்தகங்களோடு இருந்தபோது கிடைக்காதது.

ஆனால் அவரோடு எனக்குச் சண்டையும் உண்டு. நான் உன் சகோதரன்தான், ஆனால் மூத்த சகோதரன் என்று ஆப்பிரிக்கரிடம் சொல்வதாக எழுதிவைத்தாரே, அது. உங்கள் சந்தேகத்தால் அங்கே யாருக்கும் கெடுதல் வராது தம்பி. அந்த 'மூத்த' என்ற எண்ணத்தோடு போனால் வரும்.

நான் அதோடுதான் போனேன். மிஷன் மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை. முதல் இரண்டு நாள் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, உபசரித்தார்கள். மூன்றாம் நாள் அங்கிருந்த மூத்த டெக்னீஷியன் ஸ்வாஹிலியில் ஒரு பழமொழி சொன்னார்: விருந்தாளிக்கு இரண்டு நாள், மூன்றாம் நாள் மண்வெட்டியைக் கொடு. சொல்லிவிட்டு ஒரு வாளியை என் பக்கம் தள்ளினார். மலேரியா பரிசோதனை செய்த ஸ்லைடுகள், கழுவி மறுபடி பயன்படுத்துவதற்காக. எனக்குச் சுருக்கென்றது. பட்டம் வாங்கி, கடல் தாண்டி வந்தது இதற்கா?

கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது. இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்கவேண்டும், வழுக்கினால் மறுபடி சோப்பு. பிசுக்கு இருந்தால் அடுத்த பிள்ளையின் இரத்தம் அதில் சீராகப் பரவாது, கிருமி கண்ணுக்குத் தப்பும். அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் கழுவியதில் பாதியைத் திரும்ப வாளியில் போட்டார். கோபமே இல்லாமல். சாயங்காலம் கூட்டிப்பெருக்கும் அம்மா என் கையைப் பார்த்து 'போலே நா காஸி' என்றார். காஸி என்றால் வேலை.

'போலே' என்ற சொல் நம் ஊரில் எதுவென்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் தடுக்கி விழுந்தால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவரும் 'போலே' என்பார். தள்ளிவிட்டது அவரில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. உங்களுக்கு வலித்தது, அதில் அவரும் இருக்கிறார், அவ்வளவுதான். வேலை செய்து களைத்தவருக்கும் அதே சொல். யார் பொறுப்பு, எதற்குப் பொறுப்பு என்று அறவியல் வகுப்பில் எவ்வளவோ வாதாடியிருப்போம். அந்தம்மா கேள்விக்கே போகவில்லை. எதிரே யாரோ இருக்கிறார் என்று வெகுநாள் கழித்து நான் உணர்ந்தது அப்போதுதான். ஜெபத்தில் இல்லை, அந்த வராந்தாவில்.

உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லமுடியாது. போங்கள் என்றுமட்டும் சொல்வேன். பள்ளியில் யாராவது கேட்டால் சந்தேகம் உண்டு என்று மறைக்காமல் சொல்லுங்கள், அப்புறம் ஏமாற்று எங்கிருந்து வரும்? ஸ்வாஹிலியை இப்போதே தொடங்கிவிடுங்கள், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மார்ச்சில் பெருமழை பிடித்துக்கொள்ளும், அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் நல்லது. மூன்றாம் நாள் உங்கள் கையில் என்ன கொடுத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா