நூலகத்தைச் சுற்றிக் காட்டினால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு ஒப்படை கொடுத்தால் கூகுளில் முதலில் வருவதை அப்படியே எழுதிக்கொண்டு வருகிறார்கள். சிலர் ஏ.ஐ. கொடுத்த உசாத்துணைப் பட்டியலை ஒட்டிவிடுகிறார்கள், தேடிப் பார்த்தால் அப்படிப் புத்தகங்களே கிடையாது. வருடத் தொடக்கத்தில் எல்லோரையும் நூலகத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். இதற்கு மேல் நூலகத்தால் ஏதாவது செய்ய முடியுமா?
– விரிவுரையாளர், கட்டுகஸ்தோட்டை

பதில்: நிறையச் செய்ய முடியும். பிள்ளைகள் வீட்டைவிட்டு வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது, விடுதியில் இடம் கிடைக்குமா என்ற கவலையே தலைக்கு மேல் இருக்கும், அந்த நேரத்தில் இது இரவல் பகுதி, இது உசாத்துணைப் பகுதி, பையை வெளியில் வையுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனால் என்ன மனதில் நிற்கும்? தேடுவதற்கு என்று ஒரு விஷயம் கையில் இருக்கும்போதுதான் தேடும் வழி மண்டையில் ஏறும். உசாத்துணை மேசையில் 25 வருடம் இருந்தவள் என்ற முறையில் இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

அதனால் ஒப்படையைப் பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் பாடத்துக்குப் பொறுப்பான உதவி நூலகரிடம் காட்டுங்கள். பெரும்பாலான விரிவுரையாளர்கள் செய்யாமல் விடுவது இதைத்தான். 60 பேருக்கு ஒரே தலைப்பைக் கொடுத்துவிடுகிறார்கள், நூலகத்தில் அந்தப் புத்தகம் ஒரே ஒரு பிரதி. முதலில் வந்த பிள்ளை அதை எடுத்து விவசாயப் புத்தகங்களுக்குப் பின்னால் செருகி வைத்துவிடும், நாளைக்குத் தனக்கு வேண்டுமே என்று. மற்ற 59 பேரும் வேறு வழியில்லாமல் கூகுளுக்குத்தான் போவார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் நூலகர் அந்தப் புத்தகத்தைக் குறுங்கால இரவலுக்கு மாற்றி வைத்திருப்பார், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று எல்லோரும் பார்த்திருக்கலாம். தலைப்பையே கொஞ்சம் விரித்துக் கொடுங்கள் என்றும் சொல்லியிருப்பார்.

அப்புறம், நூலகரை வகுப்புக்குக் கூப்பிடும் நாள். தலைப்பு கையில் கிடைத்த மறுவாரம் கூப்பிடுங்கள், கணினிகள் இருக்கும் அறையில் வையுங்கள், நீங்களும் கூடவே இருங்கள். விரிவுரையாளர் வராத செயலமர்வைப் பிள்ளைகள் பாடமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அன்றைக்கு என்ன நடக்க வேண்டும் என்பதற்கு என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு மாணவி, பொகவந்தலாவைப் பக்கம். தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விதான் அவள் தலைப்பு. மலையகம் என்ற ஒரே சொல்லை நூலகப் பட்டியலில் போட்டுத் தேடியிருக்கிறாள், நாலைந்துதான் வந்திருக்கிறது. “மிஸ், நம்ம ஆக்களப் பத்தி ஒண்ணுமே இல்ல” என்று வந்து நின்றாள். குரல் உடைந்திருந்தது. பழைய பட்டியல் அட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டு, நம்மை யார் யார் என்னென்ன பெயரில் கூப்பிட்டிருக்கிறார்கள் எழுது என்றேன். 1911 குடிசனக் கணக்கெடுப்பில்தான் நம்மை முதன்முதலில் ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாகப் பிரித்தார்கள், அது ஒன்று. வெள்ளைக்காரன் காலத்து அறிக்கைகளில் ‘கூலி’, ‘இமிக்ரன்ட் லேபர்’. அதன் பிறகு தோட்டத் தொழிலாளர், பெருந்தோட்டத் துறை, இந்திய வம்சாவளியினர், மலையகத் தமிழர். நாட்டின் பெயரும் 1972 வரை சிலோன்தானே, அதற்கு முந்திய ஆங்கிலப் புத்தகங்களை ஸ்ரீலங்கா என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? இந்தப் பெயர்களை எல்லாம் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, ‘அல்லது’ என்று அர்த்தம் வரும் OR என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இடையில் வைத்துத் தேடினோம். திரை நிறைந்துவிட்டது. அந்த அட்டையை அவள் தன் குறிப்புப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஒரு விஷயத்துக்கு எத்தனை பெயர், அந்தப் பெயரை யார் வைத்தது, எந்தக் காலத்தில் வைத்தது என்று கேட்கத் தொடங்கிவிட்டாலே பிள்ளை ஆராய்ச்சிக்குள் வந்துவிட்டது. உங்கள் பாடத்தில் எந்தப் பெயர் எதற்கு என்பது உங்களுக்குத் தெரியும், அது எந்தப் பட்டியலில் எப்படிக் கிடக்கிறது என்பது நூலகருக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே அறையில் நின்றால்தான் பிள்ளைக்கு இரண்டும் கிடைக்கும்.

அமெரிக்காவில் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் தகவலைத் தேடிப் பயன்படுத்தும் திறனைக் கற்பிப்பதற்காக 2015 இல் ஆறு அடிப்படைக் கருத்துகளைக் கொண்ட ஒரு சட்டகத்தை வெளியிட்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, புலமை என்பது ஓர் உரையாடல் என்பது. இஸ்தோப்பில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் போய் உட்காருகிறோம், யார் என்ன சொன்னார், அதை யார் மறுத்தார் என்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தானே வாய் திறப்போம்? ஒரு நல்ல நூலை எடுத்து அதன் கடைசியில் உள்ள உசாத்துணைகளைப் பின்னோக்கிப் பிடித்துப் போவதும், அந்த நூலைப் பிறகு யார் மேற்கோள் காட்டினார்கள் என்று ஆய்வு நூல்களையும் கட்டுரைகளையும் தேடித்தரும் கூகுள் ஸ்கொலரில் முன்னோக்கிப் பார்ப்பதும் அதே வேலைதான். இலங்கை பற்றிய தலைப்பு என்றால் எச்.ஏ.ஐ. குணதிலக்கவின் நூல்விபரப் பட்டியலைக் காட்டாமல் விடாதீர்கள். பேராதனைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர் அவர். மேலைத்தேய மொழிகளில் இந்த நாட்டைப் பற்றி வந்தவற்றை 1970 தொடங்கி ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்தார். ஒரு மனிதர் இவ்வளவையும் தேடித் தொகுத்திருக்கிறார் என்று கண்ணால் பார்ப்பதே பிள்ளைகளுக்குப் பெரிய பாடம்.

ஏ.ஐ. விஷயத்துக்குத் தடை போட்டுப் பயனில்லை. அது தந்த பத்து உசாத்துணைகளை வகுப்பில் கொடுத்து, எது உண்மையில் இருக்கிறது என்று நூலகப் பட்டியலிலும், உலகெங்கும் உள்ள நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டிலும் தேடச் சொல்லுங்கள். இல்லாத புத்தகத்தை அரை மணித்தியாலம் தேடி ஏமாந்த பிள்ளை அடுத்த முறை சரிபார்க்காமல் எழுதாது.

கடைசியாகப் புள்ளி. கட்டுரைக்கு முன், மூன்று மூலங்களையும் ஒவ்வொன்றையும் ஏன் தெரிந்தெடுத்தேன் என்று இரண்டு வரியும் எழுதி வாங்குங்கள், அதற்குப் பத்துப் புள்ளியாவது கொடுங்கள். புள்ளி இல்லாத வேலையை முதலாம் வருடத்தில் யார் செய்வார்கள்?

கேள்வி: எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வந்த முதல் ஆள் நான்தான். நூலகத்தில் உதவி கேட்கப் பயமாக இருக்கிறது. என்ன கேட்பது என்றும் தெரியவில்லை, ஆங்கிலமும் சரளமாக வராது.
– மாணவி, ஹட்டன்

பதில்: மகள், உங்களைப் போல் வந்து நின்றவர்களுக்கு உதவியதுதான் என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. பேச வராவிட்டால் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு தாளில் மூன்று விஷயம்: தலைப்பு என்ன, இதுவரை எங்கே என்ன சொல் போட்டுத் தேடினேன், எப்போது ஒப்படைக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், மேசையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவார். இரண்டாவது வரியைப் பார்த்தவுடனே நூலகருக்கு நீங்கள் எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று புரிந்துவிடும். மத்தியானம் கூட்டம் அதிகம், காலையில் திறந்தவுடன் போங்கள். ஒருவர் சிடுசிடுத்தால் அன்றைக்கு அவருக்கு என்ன கஷ்டமோ என்று விட்டுவிட்டு அடுத்த நாள் இன்னொருவரிடம் கேளுங்கள், கேட்காமல் மட்டும் திரும்பி வராதீர்கள்.

கேள்வி: உயர்தர மாணவர்களுக்குத் தங்கள் தோட்டத்தின் வரலாற்றைத் தேடி எழுதச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் பல்கலைக்கழக நூலகம் இல்லை. எங்கே தொடங்கலாம்?
– ஆசிரியர், பண்டாரவளை

பதில்: கைத்தொலைபேசியில் ‘நூலகம்’ இணையத்தளம். 2005 இல் தொடங்கியது, ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் இலவசமாகக் கிடைக்கும். ஊர்ப் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நுவரெலியா, நுவரேலியா என்று இரண்டு மாதிரியும் எழுதுவோம் அல்லவா. கண்டிக்குப் போக வசதி இருந்தால் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் கிளை அங்கே இருக்கிறது.

இன்னொன்று, உங்கள் பாடசாலையிலேயே இருக்கலாம்: பழைய சம்பவத் திரட்டுப் புத்தகம். கொழுந்து அதிகமான காலத்தில் பிள்ளைகள் வரவில்லை, மழையில் கூரை ஒழுகியது என்று அந்தக் காலத்து அதிபர் தன் கையால் எழுதி வைத்தது. அதிபரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தாள் நொறுங்கும், அதனால் ஒரு பக்கத்தை ஒரு தரம் மட்டும் திருப்பிப் படம் எடுத்து, திகதியையும் பக்க எண்ணையும் அப்போதே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.