டெக்ஸஸில் கம்யூனிட்டி காலேஜ் சேர்கிறேன். அமெரிக்க அரசியல் பாடத்தை ஆன்லைனில் எடுக்கலாமா? எப்படிப் படிப்பது?

கேள்வி கேட்டவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறாராம். "ஊரில் பள்ளிக்கூடத்திலேயே குடிமையியல் படித்தாச்சு, அமெரிக்க அரசியல் எனக்கு எதற்கு, ஆன்லைனில் எடுத்து எப்படியாவது முடித்துவிட்டால் போதாதா?" என்று கேட்டிருக்கிறார். டாலஸ் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில் அக்கவுன்ட்டிங் படித்தபோது நானும் இதை ஆன்லைனில்தான் படித்தேன். வேலை, வீடு, குழந்தை என்று இருப்பவர்களுக்கு அதுதான் தோதுப்படும். தாராளமாக எடுங்கள். ஆனால் எப்படியாவது முடித்துத் தள்ளுகிற பாடமாக எடுக்காதீர்கள். அதற்காகத்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எதற்கு என்ற கேள்விக்கு முதல் பதில், வேறு வழியில்லை. டெக்ஸஸில் அரசு நிதி பெறும் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் வாங்க அரசியல் பாடத்தில் 6 கிரெடிட் வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. நர்சிங், இன்ஜினியரிங் எதுவானாலும் சரி. வழக்கமாக 2305 என்ற எண்ணில் கூட்டாட்சி அரசு, 2306 என்ற எண்ணில் டெக்ஸஸ் அரசு என்று இரண்டு பாடமாக இருக்கும்.

இரண்டாவது பதில்தான் முக்கியம். ஊரில் படித்த குடிமையியல் இங்கே பாதி உதவும், பாதி வழிமாற்றிவிடும். நம் மனதில் ஆட்சி என்றால் ஒரு படம் பதிந்திருக்கிறது. தேர்தலில் ஒரு கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்கும், அதன் தலைவர் பிரதமரோ முதல்வரோ ஆவார், அவர் நினைத்த மசோதா நிறைவேறும், பெரும்பான்மை போனால் ஆட்சி கவிழும். அந்தப் படத்தோடு அமெரிக்கச் செய்தியைப் பார்த்தால் ஒன்றுமே புரியாது. அதிபரின் கட்சி இரண்டு அவைகளிலும் தோற்றாலும் அவர் நான்கு வருடம் பதவியில் இருப்பார். அவராலும் காங்கிரஸை, அதாவது இங்குள்ள நாடாளுமன்றத்தை, கலைக்க முடியாது. காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டே யாரும் அமைச்சராக முடியாது. மேலவையான செனட்டில் 100 பேரில் 51 பேர் ஆதரித்தாலும் பெரும்பாலான மசோதாக்களை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும்.

இதையெல்லாம் தனித்தனித் தகவல்களாக மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடும். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இங்கே யார் யாரைத் தடுக்க முடியும்? முழுப் பாடமும் இந்தக் கேள்வியில் அடங்கும். அரசியல் சாசனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மாடிசன் அதை ஆதரித்து 1788-இல் எழுதிய 51-ஆம் ஃபெடரலிஸ்ட் கட்டுரையை எப்படியும் படிக்கச் சொல்வார்கள். மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசாங்கமே தேவைப்படாது என்கிறார் அதில். ஒருவருடைய அதிகார ஆசையை இன்னொருவருடைய அதிகார ஆசை தடுக்கட்டும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. எல்லாம் இவ்வளவு மெதுவாக, இழுபறியாக நடப்பது யந்திரம் பழுதானதால் என்று நினைத்துவிடக் கூடாது. வேண்டுமென்றே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். நல்லதா கெட்டதா என்று பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம், முதலில் அது புரிய வேண்டும்.

எனக்கு இது உறைத்தது 2017 ஜூலை 28 அதிகாலை செனட்டில் நடந்த வாக்கெடுப்பைப் பாடத்துக்காகப் பார்த்தபோது. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் சில பகுதிகளை நீக்க வந்த மசோதா. பட்ஜெட் சார்ந்த தனி நடைமுறையில் வந்ததால் இதற்கு 60 பேர் வேண்டியதில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். குடியரசுக் கட்சிக்கு 52 செனட்டர்கள். அந்தக் கட்சியின் ஜான் மெக்கெய்ன், மூளைப் புற்றுநோய் என்று தெரிந்து சில நாட்களே ஆன நிலையில், அவையின் முன்னால் வந்து நின்று கையை நீட்டிக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். அதே கட்சியின் சூசன் காலின்ஸும் லீசா முர்கௌஸ்கியும் ஏற்கெனவே எதிர்ப்பக்கம். 49–51 என்று மசோதா விழுந்தது. மூவரில் யாருக்கும் பதவி போகவில்லை. இந்தியாவில் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே போய்விடும். இரண்டு நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களும் எவ்வளவு வேறுபட்ட பிறவிகள் என்று அந்த வீடியோவைப் பார்த்தால் தெரியும். ஒரு நிமிடம்கூட ஆகாது, தேடிப் பாருங்கள்.

மாநிலங்கள் விஷயமும் இப்படித்தான். இந்தியாவில் பட்டியலில் இல்லாத அதிகாரம் மத்திய அரசுக்குப் போகும், இங்கே அரசியல் சாசனத்தின் 10-ஆம் திருத்தப்படி மாநிலங்களுக்கும் மக்களுக்கும் போகும். ஆந்திர சட்டசபை வேண்டாம் என்று நிராகரித்த பிறகும் 2014-இல் நாடாளுமன்றம் தெலங்கானாவைப் பிரித்தது, சட்டப்படி அது செல்லும். டெக்ஸஸை அதன் சட்டசபை சம்மதிக்காமல் காங்கிரஸால் பிரிக்க முடியாது. இதற்கு நான் படித்ததில் சிறந்த வழக்கு 1995-இல் தீர்ப்பான லோபஸ் வழக்கு. சான் அன்டோனியோவில் 12-ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுபோனான். பள்ளி வளாகத்தில் துப்பாக்கி கூடாது என்று காங்கிரஸ் 1990-இல் போட்ட சட்டத்தின்படி வழக்கு. உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. பள்ளியில் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று நீதிபதிகள் சொல்லவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காட்டிக் காங்கிரஸ் இந்தச் சட்டத்தைப் போட முடியாது என்றார்கள். டெக்ஸஸிலேயே இதற்குத் தனிச் சட்டம் இருந்தது. ஒரு செயல் தப்பா என்பது ஒரு கேள்வி, அதைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மீதி வழக்குகள் எல்லாம் தானாகப் பிடிபடும்.

வகுப்பு தொடங்குவதற்கு முன் அரசியல் சாசனத்தை ஒருமுறை நேராகவே படித்துவிடுங்கள். பாடப்புத்தகத்தின் சுருக்கம் போதாது. மொத்தமே 7 பிரிவுகள், 27 திருத்தங்கள், ஒரே உட்காரலில் முடிந்துவிடும். முதல் பிரிவுதான் இருப்பதிலேயே நீளம், அது காங்கிரஸைப் பற்றியது. அதிபர் இரண்டாவது பிரிவில்தான் வருகிறார், அதுவும் சுருக்கமாக. டிவியில் பார்க்கிற அரசியலுக்கும் 1787-இல் அவர்கள் காகிதத்தில் எழுதியதற்கும் இருக்கும் இடைவெளி அங்கேயே தெரிந்துவிடும்.

27-ஆவது திருத்தத்தின் கதையை இந்தப் பாடம் எடுக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். காங்கிரஸ் தனக்கே சம்பளம் கூட்டிக்கொண்டால், இடையில் ஒரு பிரதிநிதிகள் சபைத் தேர்தல் வந்த பிறகுதான் அது அமலுக்கு வர வேண்டும் என்பது திருத்தம். 1789-இல் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட 12 திருத்தங்களில் ஒன்று. பத்து 1791-இல் நிறைவேறிவிட்டன, இது கிடப்பில் போனது. 1982-இல் ஆஸ்டினில் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கிரிகரி வாட்சன் என்ற மாணவர், அரசியல் வகுப்புக் கட்டுரைக்குத் தலைப்பு தேடும்போது இதைப் பார்த்தார். காலக்கெடு எதுவும் போடாததால் இப்போதும் மாநிலங்கள் ஒப்புதல் தரலாம் என்று எழுதினார். கிடைத்தது சி கிரேடு. அவர் விடவில்லை. மாநிலம் மாநிலமாகச் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1983-இல் மெய்ன், அடுத்த வருடம் கொலராடோ என்று தொடங்கி, 1992 மே மாதம் தேவையான எண்ணிக்கை சேர்ந்து அது சாசனத்தில் ஏறியது. 2017-இல் பல்கலைக்கழகம் அவருடைய கிரேடை ஏ என்று திருத்தியது. நீங்கள் எழுதப்போவதும் அதே மாநிலத்தில், அதே மாதிரி ஒரு வகுப்புக்கான கட்டுரைதான்.

இனி ஆன்லைன் சங்கதி. பெரும்பாலும் கேன்வாஸ் மாதிரி ஒரு தளத்தில் வாரத்துக்கு ஒரு மாட்யூல் திறக்கும். படிக்க ஒரு அத்தியாயம், ஒரு க்விஸ், ஒரு டிஸ்கஷன். புத்தகம் பல கல்லூரிகளில் இலவசம். ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் அமெரிக்க அரசு பற்றிய பாடநூலை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். க்விஸுக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம் என்று சொன்னாலும் நேரம் குறைவாக இருக்கும், படிக்காமல் உட்கார்ந்தால் தேடவே நேரம் போதாது. பெரிய பரீட்சைக்கு வெப்கேம் கண்காணிப்பு இருக்கலாம், சிலபஸில் முதல் நாளே பார்த்துவிடுங்கள். 16 வாரமும் 8 வாரமும் இருந்தால் 16-ஐ எடுங்கள். 8 வாரத்தில் வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் ஓடும், ஒரு வழக்கை உட்கார்ந்து யோசிக்க விடாது. வகுப்பில் சேராமல் பரீட்சை மட்டும் எழுதும் க்ளெப் தேர்வில் 90 நிமிடம் எழுதி கிரெடிட் வாங்கிவிடலாமே என்று கேட்பார்கள். கல்லூரி ஏற்றுக்கொண்டால் பணம் மிச்சம்தான், ஆனால் டிஸ்கஷன் கிடைக்காது. எனக்கு இந்தப் பாடத்தில் கிடைத்ததில் பாதி அங்கேதான் கிடைத்தது.

வழக்கமாக வாரத்தின் நடுவில் உங்கள் கருத்தைப் போட வேண்டும், ஞாயிறு இரவுக்குள் இரண்டு பேருக்குப் பதில் எழுத வேண்டும். பலர் "நல்ல கருத்து, நானும் ஒத்துக்கொள்கிறேன்" என்று நான்கு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வகுப்பில் ஒரு வாரம் டெக்ஸஸ் எதிர் ஜான்சன் வழக்கு வந்தது. 1984-இல் குடியரசுக் கட்சி மாநாடு டாலஸில் நடந்தபோது நகர மன்றத்தின் முன்னால் ஒருவர் அமெரிக்கக் கொடியை எரித்தார். ஒரு வருடச் சிறை, 2,000 டாலர் அபராதம். 1989-இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்று, அது பேச்சுரிமை, தண்டிக்க முடியாது என்றது. ராணுவத்தில் இருந்து வந்த ஒரு சக மாணவர் எழுதினார்: "கொடி எரிவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆனால் நான் சத்தியம் செய்தது அரசியல் சாசனத்தைக் காப்பேன் என்று." அதற்குக் கீழே ஹைஸ்கூலில் இருந்தபடியே இந்தக் கிரெடிட் எடுக்கும் ஒரு பெண் கேட்டாள்: "அந்தக் கொடி ஒரு கட்டடத்திலிருந்து எடுத்ததுதானே, திருட்டு வழக்கு போட்டிருக்கலாமே?" அதற்காகவே தீர்ப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அரசு அவர் மீது போட்டது கொடியை அவமதித்த குற்றம் மட்டும்தான் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தச் சின்னக் கேள்வி இல்லாவிட்டால் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பேன். பெரும்பான்மை நீதிபதிகளில் இடதுசாரியான பிரெனனோடு வலதுசாரியான ஸ்கலியாவும் கென்னடியும் இருந்தார்கள். தங்களுக்குப் பிடிக்காத முடிவுகளையும் சில சமயம் எடுத்தாக வேண்டியிருக்கிறது என்று கென்னடி தனியாக எழுதியிருக்கிறார். உச்ச நீதிமன்ற வழக்குகளைத் தொகுத்து வைக்கும் ஓயெஸ் தளத்தில் இந்த வழக்கின் வாதத்தை ஒலிப்பதிவாகவே கேட்கலாம். சமைத்துக்கொண்டே கேட்டேன், புத்தகத்தில் நான்கு வரியில் வருவது அங்கே உயிரோடு இருக்கிறது.

விசாவில் இருப்பவர்கள் டிஸ்கஷனில் அரசியல் எழுதத் தயங்குவது எனக்குப் புரிகிறது. தலைவர்களைப் பற்றி எழுத வேண்டியதே இல்லை. தீர்ப்பில் இந்த நீதிபதி இப்படிச் சொன்னார், எதிர்த்தவர் இப்படிச் சொன்னார், எனக்கு இவருடைய வாதம் வலுவாகப் படுகிறது, காரணம் இது என்று எழுதுங்கள். மதிப்பெண்ணும் அதற்குத்தான். ஏஐயிடம் எழுதி வாங்கி ஒட்டாதீர்கள். பேராசிரியர் கண்டுபிடிப்பது ஒருபக்கம், அந்த உரையாடலில் கலந்துகொள்கிற வாய்ப்பே கைவிட்டுப் போகும். குடியுரிமைத் தேர்வுக்கும் இந்தப் பாடம் உதவும், ஆனால் அங்கே நீதிபதிகள் எத்தனை பேர் என்று கேட்பார்கள், இங்கே அவர்களை ஏன் ஆயுள் பதவியில் வைத்தார்கள் என்று கேட்பார்கள்.

டெக்ஸஸ் பாடத்தை எல்லோரும் அலட்சியமாக எடுக்கிறார்கள். எனக்கு அதுதான் அன்றாடம் பயன்படுகிறது. இங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் வருகிறார். ஆனால் துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல், கணக்கு பார்க்கும் கம்ப்ட்ரோலர் எல்லோரும் தனித்தனியாக ஜெயித்து வருவதால், முதல்வர் மாதிரி தன் அமைச்சரவையை அவர் நியமிப்பதில்லை. நீதிபதிகளும் கட்சிப் பெயரோடு தேர்தலில் நிற்கிறார்கள். சிவிலுக்கு ஒன்று, கிரிமினலுக்கு ஒன்று என்று இரண்டு உச்ச நீதிமன்றங்கள். மாநில செனட்டில் 31 இடம், டெக்ஸஸிலிருந்து வாஷிங்டன் போகிற பிரதிநிதிகள் 38 பேர். ஆக ஒரு மாநில செனட்டரின் தொகுதி, அமெரிக்கப் பிரதிநிதியின் தொகுதியைவிடப் பெரியது. ஆனால் சட்டசபை உறுப்பினருக்கு மாதச் சம்பளம் 600 டாலர்தான்! வேறு வருமானம் உள்ளவர்தானே அந்த வேலைக்கு வர முடியும்? இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம்.

வீடு வாங்கியவர்கள் சொத்து வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளாட்சி அத்தியாயத்தைப் படியுங்கள். கவுன்ட்டி, சிட்டி, கல்லூரி மாவட்டம், பள்ளி மாவட்டம் என்று வரிசையாக இருக்கும், வழக்கமாகப் பள்ளிக்குப் போவதுதான் பெரிய தொகை. அந்தப் பள்ளி மாவட்டத்துக்கும் நகர மன்றத்துக்கும் சம்பந்தமே இல்லை, எல்லைகூட ஒன்றாக இருக்காது. தனி போர்டு, தனித் தேர்தல். அந்தத் தேர்தலுக்குப் பெரும்பாலும் ஒரு சிலரே வருவார்கள். நம் பிள்ளைகளின் பள்ளியைப் பற்றி முடிவெடுப்பவர்கள் அங்கேதான் வருகிறார்கள். போர்டு கூட்டங்கள் பொதுவில் நடப்பவை, குடியுரிமை இல்லாதவர்களும் போய் உட்காரலாம், பெயர் கொடுத்துப் பேசலாம்.

எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்றால், கூட்டாட்சிப் பாடத்தை முதலில் எடுங்கள், முடிந்தால் தேர்தல் நடக்கும் இலையுதிர் செமஸ்டரில். உங்கள் கவுன்ட்டி வெளியிடும் மாதிரி வாக்குச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். டெக்ஸஸ் பாடத்தை ஒற்றைப்படை வருடத்தின் வசந்த செமஸ்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். சட்டசபை வழக்கமாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரியில் தொடங்கி 140 நாள்தான் கூடும், அடுத்தது 2027-இல். கமிட்டி விசாரணைகளை நேரலையில் பார்க்கலாம். ஒரு மசோதா எண்ணைத் தேர்ந்தெடுத்து, அது எந்தக் கமிட்டியில் மாட்டிக்கொள்கிறது என்று செமஸ்டர் முழுக்கத் தொடர்ந்து பாருங்கள்.