ஒரே பிறந்தநாள், இரண்டு விண்ணப்பங்கள்

"ரெட்டைப் பசங்க, இப்போ பதினொண்ணாவது படிக்கிறாங்க. போன ஆகஸ்டுலதான் கலிஃபோர்னியா வந்தோம், அவருக்கு எச்-1பி வேலை விசா. ரெண்டு பேருமே ஸ்டான்ஃபோர்ட், இல்லேன்னா பெர்க்லின்னு நிக்கிறாங்க. ஒரே வீட்டுல ரெண்டு பேரை எடுப்பாங்களாக்கா? ஒருத்தனுக்கு ஒருத்தனே போட்டியாயிடுவானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் இரட்டைப் பெண்கள் இருவரும் இதே மாதிரி ஒரே இடத்துக்கு விண்ணப்பித்தவர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுக்கு ஒருவர்தான் என்று விதி கிடையாது. இரட்டையர் என்பதால் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றும் கிடையாது. இரண்டு கோப்புகள், இரண்டு முடிவுகள், அவ்வளவுதான். நம்ம ஊர் பொறியியல் கவுன்சிலிங்கில் கட்ஆஃப் சமமாக வந்தால் பாட மதிப்பெண், பிறந்த தேதி, அதுவும் ஒன்றானால் ரேண்டம் எண் என்று கடைசிவரை எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே அப்படி யாரும் பார்க்கக்கூடிய தரவரிசைப் பட்டியலே இல்லை. ஒரே மதிப்பெண் எடுத்த அண்ணன் தம்பியில் ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே என்று வரும். ஏன் என்று கேட்டால் பதில் வராது. ஸ்டான்ஃபோர்டில் நூறு பேர் கேட்டால் ஐந்து பேருக்குக்கூட இடமில்லை. உங்கள் பையனின் இடத்தைத் தட்டிப் பறிக்கப்போவது அவன் கூடப்பிறந்தவன்தான் என்று பயப்படுவது வீண்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். பெரும்பாலான தனியார் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பங்களைப் பகுதி வாரியாகப் பிரித்துப் படிக்கிறார்கள். ஒரே பள்ளியிலிருந்து போகும் இரண்டு கோப்புகளும் ஒரே அதிகாரியின் கைக்குப் போகவே வாய்ப்பு அதிகம். பல கல்லூரிகளுக்கும் ஒரே படிவமாக இருக்கும் காமன் ஆப்பில், குடும்ப விவரத்தில் உடன்பிறந்தவர்களைக் கேட்பதால் இரட்டையர் என்பதும் தெரிந்துவிடும். அப்போது முதல் கோப்பில் படித்த அதே ரோபாட்டிக்ஸ் கிளப், அதே தன்னார்வ வேலை, அதே "நாங்கள் இருவரும்" கதை இரண்டாவதிலும் வந்தால் இரண்டாமவனின் கட்டுரையில் படிக்கப் புதிதாக எதுவும் இருக்காது. 650 வார்த்தைக் கட்டுரையில் இரட்டையராகப் பிறந்ததைப் பற்றி ஒருவன் எழுதட்டும், தப்பில்லை. இருவரும் எழுத வேண்டாம். யார் எழுதுவது என்பதை இந்தக் கோடையிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஒருவன் கட்டுரையை மற்றவன் திருத்துவதையும் நான் விரும்பமாட்டேன். வீட்டில் ஒரே மாதிரி பேசுகிற பிள்ளைகள், திருத்தத் திருத்த நடையும் ஒன்றாகிவிடும்.

ஸ்டான்ஃபோர்டின் சிறு கட்டுரைகளில் ஒன்று, வருங்கால அறைத்தோழருக்கு எழுதும் கடிதம். பிறந்ததிலிருந்து ஒரே அறையில் தூங்கிய உங்கள் பையன்களுக்கு இதைவிட வாகான கேள்வி கிடைக்காது. இருவரும் மற்றவனைப் பற்றியே எழுதத் துடிப்பார்கள் என்பதுதான் ஆபத்தும்கூட.

அங்கே ஆசிரியர் பரிந்துரைக் கடிதங்கள் இரண்டு வேண்டும். ஒரே ஆசிரியரிடம் இருவரும் கேட்கலாம், ஆனால் தனித்தனியாகப் போய்ப் பேசட்டும். மேற்படிப்புக்கு வழிகாட்டுகிற பள்ளி கவுன்சிலர் பெற்றோரிடம் ஒரு கேள்வித்தாள் கொடுப்பார், பிராக் ஷீட் என்பார்கள். ஒருவனுடையதை நீங்கள் நிரப்புங்கள், மற்றவனுடையதை உங்கள் கணவர் நிரப்பட்டும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிற கவுன்சிலர், நீங்கள் கொடுத்ததை வைத்துத்தான் எழுதுவார்.

பெர்க்லி வேறு மாதிரி. அது யூசி எனப்படும் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. யூசி விண்ணப்பத்தில் எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. பரிந்துரைக் கடிதமும் பொதுவாகக் கேட்பதில்லை. எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்குள் பதில் எழுத வேண்டும். முக்கியமாக, பெர்க்லியின் பொறியியல் கல்லூரி பாடப்பிரிவு வாரியாகத்தான் எடுக்கிறது. ஒருவன் கம்ப்யூட்டரும் மற்றவன் சிவிலும் கேட்டால் அவர்கள் ஒரே வரிசையில்கூட நிற்கவில்லை. அதற்காக, சுலபமாகக் கிடைக்கும் பிரிவில் ஒருவனை நுழைத்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே போனபின் கம்ப்யூட்டருக்கு மாறுவது மிகவும் கடினம்.

ஸ்டான்ஃபோர்டுக்கு நவம்பர் 1க்குள் முன்கூட்டியே போடலாம். மற்ற தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அப்படி முன்கூட்டியே போடக்கூடாது என்பதுதான் முக்கிய நிபந்தனை. கிடைத்தால் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பட்டியலில் எர்லி டிசிஷன், அதாவது முன்கூட்டியே போட்டுக் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற முறை, உள்ள கல்லூரிகளைச் சேர்த்தால் கதை வேறு. மாணவன், பெற்றோர், கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தம் அது. இருவரும் போட்டு, டிசம்பரில் ஒருவனுக்கு மட்டும் கிடைத்தால், அவன் மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெற்றாக வேண்டும். தம்பிக்கு எங்கே கிடைக்கிறது என்று பார்த்து முடிவு செய்ய அண்ணனுக்கு வழியே இருக்காது. சேர்ந்து படிப்பதுதான் முக்கியம் என்று பசங்க நினைத்தால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

பெயர்க் குழப்பம் வரும், தயாராக இருங்கள். ஒரே கடைசிப் பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே முகவரி, ஒரே பள்ளி. முதல் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால் கேட்கவே வேண்டாம். என் பெண்களில் ஒருத்தியின் டிரான்ஸ்கிரிப்ட் (பள்ளி மதிப்பெண் பதிவு) மற்றவளின் கோப்பில் போய் உட்கார்ந்திருந்தது. விண்ணப்ப நிலையைப் பார்க்கும் போர்ட்டலில் "வரவில்லை" என்று காட்டியதால்தான் தெரிந்தது. மின்னஞ்சல் போட்டதும் சரிசெய்தார்கள். ஆளுக்கொரு மின்னஞ்சல், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், ஆளுக்கொரு போர்ட்டலை அவனவனே வாரம் ஒருமுறை பார்ப்பது. இது போதும்.

இனி பணம். எச்-4இல், அதாவது எச்-1பிகாரரின் குடும்பத்துக்கான விசாவில், இருக்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்க மத்திய அரசின் மாணவர் உதவி கிடையாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் உதவிக் கணக்கில் ஒவ்வொருவருக்கும் குடும்பம் கட்டவேண்டிய பங்கு பாதியாகும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கே அந்தச் சலுகை 2024-25 முதல் போய்விட்டது. சில தனியார் கல்லூரிகள் சொந்த உதவித்தொகையைக் கணக்கிடும்போது இன்னும் அதைப் பார்க்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் வெளிநாட்டு மாணவர்கள் விண்ணப்பிக்கும்போதே உதவி வேண்டும் என்று குறிப்பிட வேண்டும், பிறகு நான்கு வருடமும் கேட்க முடியாது. அப்படிக் கேட்பது சேர்க்கை முடிவைப் பாதிக்கும் என்பதும் உண்மை. இருவர் படிவத்திலும் அந்தக் கட்டம் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

யூசியில் உங்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. எச்-4 பிள்ளைகளும் கலிஃபோர்னியாவாசி என்ற தகுதி பெறலாம். ஒரு வருடத்துக்கு மேல், அதாவது 366 நாள், இங்கேயே இருந்து, வரி, ஓட்டுநர் உரிமம் எல்லாம் இந்த மாநிலத்தில் வைத்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் வெளிமாநிலத்தார், வெளிநாட்டாருக்கான கூடுதல் கட்டணம் மட்டும் தலைக்கு ஆண்டுக்கு 37,000 டாலருக்கு மேல். இரண்டு தலை. அதனால் இடையில் வேறு மாநிலத்துக்கு வேலை மாற்றம் வந்தால் கணவரைக் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, 21 வயது முடிந்தால் எச்-4 இல்லை. உங்கள் வீட்டில் இருவருக்கும் ஒரே நாளில் போகும், கல்லூரி முடிவதற்கு முன்பே. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற்றும் வேலையை முன்னதாகத் தொடங்க வேண்டும்.

இவ்வளவும் காகித வேலை. உண்மையான சிரமம் வீட்டுக்குள்தான். ஒருவனுக்கு மட்டும் கிடைத்தால் அவன் போகலாமா, கூடாதா? இதை விண்ணப்பிக்கும் முன்பே, நால்வரும் உட்கார்ந்து பேசி முடியுங்கள். முடிவு வந்தபின் பேசினால் கிடைத்தவன் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருப்பான், கிடைக்காதவன் பெருந்தன்மை காட்ட வேண்டிய கட்டாயத்தில் இருப்பான். எங்கள் வீட்டில் "கிடைத்தவள் போவாள், அதற்கு மன்னிப்பு கேட்க மாட்டாள்" என்று முன்பே பேசியிருந்தோம். ஒருத்திக்குத்தான் கிடைத்தது. அவள் போனாள், இன்னொருத்தி மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். சில வாரம் வீடு சரியாக இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

முடிவு வரும் மாலை ஆளுக்கொரு அறையில் தனியாகத் திறக்கட்டும். நீங்கள் கேமராவோடு பக்கத்தில் நிற்காதீர்கள். ஊரில் தாத்தா பாட்டிக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும், மே 1க்குள் இருவரும் எங்கே என்று உறுதியான பிறகு ஒரே செய்தியாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் "பெரியவனுக்குக் கிடைச்சுதாமே, சின்னவனுக்கு?" என்று ஒரு போன் வந்தால் போதும், நீங்கள் பேசி வைத்ததெல்லாம் போச்சு.

"எங்கள் இருவரையும் எடுத்தால்தான் வருவோம்" என்று விண்ணப்பத்தில் எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது இரண்டு கோப்புக்கும் உதவாது, ஒரு கோப்பைக் கெடுக்கலாம்.